கீலை விட்டு ஆர்டுயினோவுக்கு மாறலாமா? – மன்னார்குடி ஆசிரியருக்கு

வணக்கம் சார். 8051 மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) லேபில், நிரல் எழுத உதவும் கீல் மென்பொருளின் இலவசப் பதிப்பு 2 கேபி நிரலோடு நின்றுவிடுகிறது, ஆர்டுயினோ போர்டுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று வாரம் தாராளமாக ஊனோ ஆர்3 என்ற ஆர்டுயினோ போர்டில் நடத்துங்கள். ஆனால் பின்னை இயக்கும் டிஜிட்டல்ரைட் என்ற ஆயத்தக் கட்டளையோடு விட்டுவிடாதீர்கள். 13ஆம் பின்னில் உள்ள எல்இடியை, டிடிஆர்பி, போர்ட்பி ரெஜிஸ்டர்களில் (பின்களைக் கட்டுப்படுத்தும், சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்) பிட் 5ஐ மாற்றி எரிய வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபடுவது அங்கேதான்.

அப்புறம் எஸ்டிஎம்32 சில்லு உள்ள நியூக்ளியோ போர்டுக்கும், அதற்கு நிரல் எழுதும் எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ மென்பொருளுக்கும் மாறுங்கள். மென்பொருள் இலவசம், லினக்ஸிலும் ஓடும். போர்டிலேயே டீபக்கர் (பிழை தேடும் கருவி) இருப்பதால் நிரலை வரிவரியாக நிறுத்தி ரெஜிஸ்டரைப் பார்க்கலாம். ஊனோவில் இந்த வசதி இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.

ப்ராஜெக்டுக்கு, வயலில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் கருவியைக் கொடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் பம்புசெட் இருக்கிறது. சென்சாரைச் சேற்றில் நட்டே சோதிப்பார்கள்.