பித்தப்பையை எடுத்த பிறகு நிற்காத பேதி

பித்தப்பையை எடுத்த பிறகு பேதி நிற்கவில்லை என்று நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில், ‘கேன்சராக இருக்குமோ’ என்பதை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாதது அதுதான். இணையத்தில் தேடினால் எல்லா வயிற்றுப்போக்கும் அங்கேதான் போய் முடியும்.

பித்தப்பை இல்லாவிட்டால் ஜீரணமே ஆகாது என்று யார் சொன்னது? பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்; பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் பைதான். குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். பையை எடுத்த சிலருக்குப் பித்தநீர் ஓயாமல் வடிந்து, உறிஞ்சியது போக மிச்சம் பெருங்குடலில் இறங்கித் தண்ணீராகப் போகவைக்கும். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் பொரித்த கோழியும் சாப்பிட்டால் கூடுதலாகப் போவது இதனால்தான். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் பேதியைத் தரும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆனால் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். வெறும் பித்த அமிலப் பேதி பொதுவாக ஆளை இப்படி இளைக்கவைக்காது. நம் ஊரில் குடல் காசநோய் பெரும்பாலும் வந்து உட்காருவது அதே சிறுகுடலின் கடைசியில்தான். குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் க்ரோன்ஸ் நோய்க்கும் அதே இடம் பிடிக்கும். சாயங்காலக் காய்ச்சல், வலது அடிவயிற்று வலி, மலத்தில் ரத்தம், ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இதில் எது இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும் எடை குறைந்தது போதும், இந்த வாரமே போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனையோடு, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி தேவைப்படும். சிறுகுடலின் முனைவரை பார்த்து, சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பெருங்குடலில் புற்று இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். காசநோய் என்றால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், குணமாகும். எதுவும் இல்லையென்றால், பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் பவுடரைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும்.

அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் ‘லூஸ் மோஷனுக்கு’ என்று கேட்டு வாங்கும் அந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் அதை விழுங்க உங்களுக்கு யார் எழுதிக்கொடுத்தது?

தென்காசியில் காட்டப் போகும்போது, கொல்லத்தில் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் போங்கள். எடுத்தது பித்தப்பை மட்டும்தானா, சிறுகுடலிலும் கை வைத்தார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும்; அதன் கடைசிப் பகுதியை வெட்டியிருந்தால் பித்த அமிலத்தைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை.