கைபட்டுப் போன மெசேஜ், கைபட்டு விழுந்த பிளொக்: சில கேள்விகளும் பதில்களும்

கைத்தொலைபேசிச் செயலிகளின் திரைகளை வடிவமைப்பது என் வேலை. எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், எதைத் தொட்டால் ஒரு தடவை நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் யோசனை. வட்ஸ்அப் போன்றவற்றில் கைதவறி நடந்துவிடும் பெரிய காரியங்களைப் பற்றித் திருகோணமலைப் பக்கத்தில் இருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

உப்புவெளியில் இருந்து ஒரு தாய்: பிள்ளை, மகன் கட்டாரில் வேலை செய்கிறான். கொஞ்ச நாளாக அவனிடம் இருந்து கோலும் இல்லை, மெசேஜும் இல்லை. பயந்து போய் வேறு ஆள் மூலம் விசாரித்தால், நான்தான் வட்ஸ்அப்பில் அவனை பிளொக் பண்ணியிருக்கிறேனாம்! அவன் அனுப்பியதெல்லாம் இனி வந்து சேருமா?

சேராது அம்மா. பிளொக்கில் இருந்த நாட்களில் அவர் அனுப்பியவை, பிளொக்கை எடுத்த பிறகும் உங்களிடம் வராது. அவருடைய போனில் அவை அப்படியே இருக்கும். முக்கியமானதைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

பிளொக் செய்யப்பட்டவருக்கு அப்படி ஒரு அறிவிப்பும் போகாது. அவர் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும் நிற்கும். தொந்தரவு கொடுப்பவரிடம் இருந்து ஒருவரைக் காப்பாற்ற அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தாயும் மகனும் இரண்டு கரையில் இருந்து பயப்படும்போது அதே மௌனம் கொடுமையாகிவிடுகிறது. இனி யாராவது திடீரென்று பேசாமல் போனால், செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குள் பிளொக் செய்தவர்களின் பட்டியல் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கிண்ணியாவில் இருந்து ஓர் ஆசிரியை: பெற்றோர் குரூப்பில் தவறான படம் போய்விட்டது. அவசரத்தில் எல்லாருக்கும் அழிப்பதற்குப் பதிலாக எனக்கு மட்டும் அழித்துவிட்டேன். இப்போது என் திரையில் அது இல்லை, மற்ற எல்லாரிடமும் இருக்கிறது.

பதற்றத்தில் இருக்கும் ஆளின் விரலுக்கு முன்னால் அந்த இரண்டு தெரிவுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்ததன் விளைவு இது. அழித்த உடனே திரையின் கீழே "அன்டூ" என்று ஒரு சொல் சில விநாடிகள் நிற்கும். அதைத் தொட்டால் மெசேஜ் உங்களிடம் திரும்பி வரும், பிறகு எல்லாருக்கும் அழிக்கலாம். 2022 டிசம்பரில்தான் வட்ஸ்அப் இதைக் கொண்டுவந்தது. அந்த விநாடிகளும் போய்விட்டால் குரூப் அட்மினிடம் சொல்லுங்கள். மற்றவர் போட்டதையும் எல்லாருக்கும் அழிக்க அட்மினால் முடியும். நீங்களே எல்லாருக்கும் அழிப்பதென்றால் 2 நாட்களுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. எழுத்துப் பிழை மட்டும்தான் என்றால் அழிக்கவே வேண்டாம், 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்.

சாம்பல்தீவில் இருந்து ஒரு கடற்றொழிலாளி: தங்கச்சி, போனைப் பொலித்தீன் பையில் சுற்றித்தான் கடலுக்குக் கொண்டு போவோம். கரைக்கு வந்து பார்த்தால் யார் யாருக்கோ கோல் போயிருக்கும், குரூப்பில் விளங்காத எழுத்தெல்லாம் போயிருக்கும். போன் பழுதா?

போனில் பழுது இல்லை அண்ணா. இந்தத் திரைகளுக்கு அழுத்தம் தெரியாது. விரல் படும்போது திரையின் மின்புலத்தில் வரும் மாற்றம்தான் தெரியும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், ஈரப் பை திரையோடு ஒட்டிக் கிடந்தால் அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். மாரி மழையில் ஓட்டோ ஓட்டுபவர்களுக்கும் இதே தொல்லைதான்.

வள்ளத்தில் ஏறும் முன் பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிடுங்கள். தானாக அணையட்டும் என்று விடாதீர்கள். வெறுமனே தள்ளித் திறக்கும் லொக் போதாது, இரகசிய இலக்கம் (பின்) போடுங்கள். தூக்கினால் விழிப்பது, இரண்டு தட்டுத் தட்டினால் விழிப்பது ஆகிய இரண்டையும் செட்டிங்ஸில் நிறுத்துங்கள். சாம்சுங் போன் என்றால் டிஸ்பிளே பகுதியில் தற்செயலாகத் தொடுவதைத் தடுக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. பொக்கெட், பை போன்ற இருட்டான இடத்தில் அது உதவும்.

இன்னொன்று. அண்ட்ரொய்ட் 12 முதல் பல போன்களில் பவர் பட்டனை விரைவாக 5 தடவை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். கடலுக்குப் போகிறவர்கள் அதை நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். தானாகப் போகாமல், திரையில் அழுத்திப் பிடித்தால் மட்டும் போகும்படி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். தவறி 119க்குப் போய்விட்டால் வெட்டாதீர்கள், கைபட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

திருகோணமலை வளாக மாணவர் ஒருவர்: அக்கா, நாங்கள் இறுதியாண்டு வேலையாக ஒரு மெசேஜ் செயலி செய்கிறோம். அழிப்பதற்கு முன் "உறுதியா?" என்று கேட்டால் போதும்தானே?

போதாது தம்பி. ஒவ்வொரு தடவையும் கேட்டால் கண் வாசிப்பதற்கு முன்பே கை "ஆம்" என்று அழுத்தப் பழகிவிடும். பிறகு அந்தப் பெட்டி யாரையும் காப்பாற்றாது, ஆளைக் குற்றம் சொல்லத்தான் உதவும்: "கேட்டோமே, நீங்கள்தானே ஆம் என்றீர்கள்?" இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆயிரம் பேரில் பலர் ஒரே இடத்தில் தவறினால் அந்த இடம்தான் பிழை.

திருப்பி எடுக்கக்கூடிய காரியத்துக்குக் கேள்வி கேட்காதீர்கள். செய்துவிட்டு, திருப்பி எடுக்கச் சில விநாடி கொடுங்கள். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறலாம் என்கிறார்களே, அங்கே மெயில் போகாமல் 5 முதல் 30 விநாடி வரை பிடித்துவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். நீங்களும் அழிப்பதைப் பிடித்துவைக்கலாம். திருப்ப முடியாததற்கு மட்டும் கேள்வியை வைத்திருங்கள். அப்போதும் "ஆம், இல்லை" வேண்டாம். "36 மெசேஜை அழி", "வைத்திரு" என்று பட்டனிலேயே காரியத்தை எழுதுங்கள். கணக்கையே அழிப்பது போன்றவற்றுக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். நிரல் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை அழிக்க அதன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அளவையும் பாருங்கள். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (அண்ட்ரொய்ட் திரைகளின் அளவு அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது அண்ட்ரொய்ட் வழிகாட்டல். ஐபோனுக்கு அதன் அலகில் 44 பொயின்ட். பதில் எழுதும் பட்டனுக்குப் பக்கத்தில் அழிக்கும் பட்டனை வைக்கவே வைக்காதீர்கள்.

பலர் மறக்கும் இடம் ஒன்று: உரையாடல் பட்டியல். நான் தங்கைக்கு எழுத விரலைக் கொண்டு போகும் நேரத்தில் புது மெசேஜ் வந்து பட்டியல் நகர்கிறது, என் விரல் அதிபரின் பெயரில் விழுகிறது. இதில் கவனக்குறைவு எங்கே? நகர்ந்த உடனே வரும் தொடுகையைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். காரியம் நடப்பது விரல் வைக்கும்போது அல்ல, எடுக்கும்போதுதான் என்று வையுங்கள். 2018இல் வந்த வெப் அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1உம் இதைக் கேட்கிறது.

அதே மாணவர்: அப்படியென்றால் பாவிப்பவருக்கு அதில் என்ன பயன்?

பெரிய பயன். பிழையான பட்டனில் விரலை வைத்துவிட்டதாகத் தோன்றினால் எடுக்காமல், அப்படியே வெளியே இழுத்துவிட்டுப் பிறகு எடுங்கள். பெரும்பாலான பட்டன்களில் ஒன்றும் நடக்காது. வட்ஸ்அப்பில் குரல் பதியும்போதும் இடப்பக்கம் இழுத்தால் ரத்தாகும்.

தம்பலகாமத்தில் இருந்து: அம்மம்மாவுக்குக் கை நடுங்கும். ஒரு தடவை தொடப்போய் மூன்று தடவை தொட்டுவிடுகிறார்.

சாம்சுங்கில் அணுகல் வசதிப் பகுதிக்குள் போனால், எவ்வளவு நேரம் தொட்டால் தொடுகையாக எடுக்க வேண்டும் என்றும், அடுத்தடுத்த தொடுகைகளைப் புறக்கணி என்றும் தெரிவுகள் இருக்கின்றன. ஐபோனிலும் இரண்டும் உண்டு. சிறிதாகத் தொடங்கி, அவர் பக்கத்தில் இருந்தே சரிபாருங்கள். கூட்டினால் போன் மந்தமாகிவிட்டதென்று அவர் இன்னும் பலமாக அழுத்துவார். அப்புறம் எழுத்தையும் பெரிதாக்குங்கள். பட்டியலில் வரிகள் குறைந்து, ஒவ்வொன்றுக்கும் இடம் கூடும்.

மூதூரில் இருந்து: மகள் கார்ட்டூன் பார்க்கப் போனை வாங்கி, எங்கள் குடும்பக் குரூப்பில் இருந்தே என்னை வெளியேற்றிவிட்டாள்.

அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போயிருக்கும், அவரே திரும்பச் சேர்க்கலாம். நீங்கள் ஒருவர்தான் அட்மினாக இருந்திருந்தால் அந்தப் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போயிருக்கும், அவரிடம் கேளுங்கள். இனிக் கொடுக்கும் முன் கார்ட்டூன் செயலியைத் திரையோடு பூட்டிவிடுங்கள். அண்ட்ரொய்டில் பாதுகாப்புப் பகுதியில் "ஆப் பின்னிங்", ஐபோனில் "கைடட் அக்சஸ்". ஐபோனில் திரையின் எந்தப் பகுதி தொடுகைக்கு வேலை செய்யக்கூடாது என்று வட்டம் போட்டும் காட்டலாம்.

கடைசிக் கேள்வி, நிலாவெளியில் இருந்து: நள்ளிரவில் கைதவறி மேலதிகாரிக்கு வீடியோ கோல் போய்விட்டது. அவர் போனில் இருந்து அந்த மிஸ்ட் கோலை அழிக்க வழி உண்டா?

இல்லை. உங்கள் பதிவை அழித்தாலும் அவருடையது அப்படியே இருக்கும். "மன்னிக்கவும் சேர், கைபட்டுப் போய்விட்டது" என்று உடனே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். காலையில் எழும்பிப் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தே அவர் கண்ணில் படும்.