அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஜெபத்துக்குத் தடையா? அங்கே வாழும் கிறிஸ்தவராக நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

"1962-ல் அமெரிக்க நீதிமன்றம் பள்ளிகளில் ஜெபத்தைத் தடை செய்துவிட்டது, இப்போது அரசியல்வாதிகள் அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்கிறார்களே, அங்கே இருக்கும் கிறிஸ்தவர்கள் இதை வரவேற்கிறீர்களா?" என்பது கேள்வி. நான் பாளையங்கோட்டைக்காரி. சிஎஸ்ஐ குடும்பம். 14 வருடமாக டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் இதை வரவேற்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மகள் ஏழாம் வகுப்பில் பள்ளி வாலிபால் அணியில் சேர்ந்தாள். முதல் மேட்ச் முடிந்து காரில் ஏறியதும், "அம்மா, மேட்சுக்கு முன்னாடி கோச் எங்களை வட்டமா நிக்க வெச்சு ப்ரே பண்ணாங்க" என்றாள். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி ஆரம்பித்தாள். "அவ மட்டும் கீழ குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தா. லேஸ் ஒழுங்காத்தான் இருந்துச்சும்மா. அவளே அவிழ்த்துட்டு மறுபடி கட்டினா. கோச் ஆமென் சொல்ற வரைக்கும் கட்டிட்டே இருந்தா."

அவள் சொன்னது அணியில் இருக்கும் ஒரு முஸ்லிம் பிள்ளையை. எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுப் போகிற பிள்ளை.

அந்த லேஸ் எனக்குப் புரிந்தது. ஊரில் நான் படித்த பள்ளியில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வகுப்பில் படம் வைத்து, சுண்டல் செய்து, எல்லோரும் கைகூப்பி நிற்பார்கள். யாரும் என்னைக் கும்பிடச் சொன்னதில்லை, திட்டினதும் இல்லை. ஆனால் என் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. பின்னால் கட்டினால் திமிர் மாதிரி இருக்கும், முன்னால் சேர்த்தால் கும்பிடுகிற மாதிரி ஆகிவிடும். பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறந்த நாட்டில் நான் சிறுபான்மை, பிழைக்க வந்த நாட்டில் மதத்தைப் பொறுத்தவரை பெரும்பான்மை. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், தடை என்கிற பேச்சு. அமெரிக்க அரசுப் பள்ளியில் ஒரு மாணவர் ஜெபிப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. பரீட்சைக்கு முன்னால் கண்ணை மூடலாம், சாப்பாட்டு மேசையில் நன்றி சொல்லலாம், பையில் வேதாகமம் கொண்டுபோகலாம். மற்ற மாணவர் மன்றங்களுக்கு இடம் கொடுக்கிற உயர்நிலைப் பள்ளி, வேதம் படிக்கிற மன்றத்துக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று 1984-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் டெக்சாஸில் 1990-ல் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு: செப்டம்பரில் ஒரு புதன்கிழமை காலையில், மணி அடிப்பதற்கு முன்னால், பிள்ளைகள் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்று தாங்களாகவே ஜெபிப்பார்கள். என் மகளும் போவாள். யாரும் தடுத்ததில்லை.

நீதிமன்றம் நிறுத்தியது வேறு ஒன்றை. 1951-ல் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியத்தினர் உட்கார்ந்து ஒரு ஜெபம் தயாரித்தார்கள். ஆங்கிலத்தில் 22 வார்த்தை. சர்வவல்லமையுள்ள தேவனே, உம்மைச் சார்ந்தே இருக்கிறோம் என்று ஒத்துக்கொள்கிறோம், எங்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் தேசத்தையும் ஆசீர்வதியும். அவ்வளவுதான். தினமும் காலையில் ஆசிரியர் முன்னால் பிள்ளைகள் சொல்ல வேண்டும், வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம். லாங் ஐலண்டில் ஐந்து குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1962 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 1 என்ற கணக்கில் சொன்ன தீர்ப்பு இதுதான்: மக்கள் சொல்ல வேண்டிய ஜெபத்தை எழுதுவது அரசாங்கத்தின் வேலை இல்லை.

அந்த 22 வார்த்தையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். இயேசு இல்லை. எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைகூட "இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே" என்று முடிக்காமல் கண்ணைத் திறக்காது. யூதருக்கும் உறுத்தக் கூடாது, கத்தோலிக்கருக்கும் உறுத்தக் கூடாது என்று ஒரு குழு வெட்டி வெட்டிச் சீவியதில் மிஞ்சியது அது. அந்த ஜெபத்தைக் காப்பாற்றவா கிறிஸ்தவர்கள் இத்தனை வருடம் சண்டை போட வேண்டும்? பெயரைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம், எடுத்தால் அது என் ஜெபமே இல்லை. அரசாங்கம் எழுதினால் இந்த இரண்டில் ஒன்றுதான் வரும்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் அலபாமாவில் பாப்டிஸ்ட் சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுத்தவர். இங்கிலாந்தில் அரசே பொது ஜெபப் புத்தகத்தை வகுத்து எல்லோர் மேலும் திணித்ததையும், அதிலிருந்து தப்பித்தான் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள் என்பதையும் அந்தத் தீர்ப்பில் விரிவாக எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. அந்தப் புத்தகத்தின் வழியில் வந்த ஆராதனை முறையில்தான் நான் ஞாயிறுதோறும் முழங்கால் போட்டு வளர்ந்தேன். எனக்குத் தாய்மடி மாதிரியான அதே ஜெபங்கள் இன்னொருவரைச் சிறைக்கு அனுப்பியிருக்கின்றன என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு அந்த ஐந்து குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மிரட்டல் போன்கள், கடிதங்கள். ஒருவர் வீட்டு வாசலில் சிலுவை வடிவில் நெருப்பு வைத்தார்கள். என் ஆண்டவருடைய சிலுவையை ஒருவரைப் பயமுறுத்த எரிக்கிறார்கள் என்றால், பள்ளியிலிருந்து தேவனைத் துரத்தியது யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. அப்போது அதிபராக இருந்த கென்னடி பத்திரிகையாளர்களிடம், இதற்கு எளிய மருந்து இருக்கிறது, வீட்டில் இன்னும் அதிகமாக ஜெபிப்போம், ஆலயத்துக்கு இன்னும் ஒழுங்காகப் போவோம் என்கிற பொருளில் பேசினார். எனக்கு அந்தப் பதில் போதும். இராத்திரி குடும்ப ஜெபத்தில் சங்கீதம் படித்து வளர்ந்த எவருக்கும் அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம், 1963-ல், பென்சில்வேனியாப் பள்ளிகளில் தினமும் பத்து வேத வசனம் வாசிப்பதும் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்வதும் 8-க்கு 1 என்ற தீர்ப்பில் நின்றுபோனது. வேதாகமத்தை இலக்கியமாகவோ வரலாறாகவோ பாடத்தில் படிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. இதைப் பலர் விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

பரமண்டல ஜெபம் எல்லாக் கிறிஸ்தவருக்கும் பொதுவானதுதானே என்பார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தோழி ஆர்.சி. இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் முதல் வரியிலேயே இடிக்கும். நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பேன், அவள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்பாள். கடைசியில் அவள் ஆமென் சொல்லி நிறுத்திய பிறகும் நான் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தனியாகப் போய்க்கொண்டிருப்பேன். எங்களுக்கு அது சிரிப்பு. 1844-ல் பிலடெல்பியாவில் அது சிரிப்பாக இருக்கவில்லை. பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் வேதாகமம்தான் வாசிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கள் மொழிபெயர்ப்பை வாசிக்க விடுங்கள் என்று கத்தோலிக்க ஆயர் கேட்டார். வேதத்தையே பள்ளியிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. மே, ஜூலை மாதக் கலவரங்களில் குறைந்தது 20 பேர் செத்தார்கள். இரண்டு கத்தோலிக்க ஆலயங்கள் எரிந்தன. இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்.

அது பழைய கதை என்று தள்ள முடியாது. இதே டெக்சாஸில் சாண்டா ஃபே என்ற ஊரில் அமெரிக்கக் கால்பந்து மேட்சுக்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஜெபிக்கும் வழக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்ட இரண்டு குடும்பங்களில் ஒன்று கத்தோலிக்கம், இன்னொன்று மார்மன் என்கிற, அமெரிக்காவிலேயே தோன்றிய தனிச் சபை. பெயர் வெளியே தெரியாமல் நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. அவர்கள் யார் என்று துருவிக் கண்டுபிடிக்க முயன்றவர்களை நீதிபதி எச்சரிக்க வேண்டி வந்தது. 2000-ல் அந்தக் குடும்பங்கள் ஜெயித்தன.

அரசியல் பக்கம் வருகிறேன். ரீகன் 1982-ல் பள்ளி ஜெபத்துக்காக அரசியல் சட்டத் திருத்தமே முன்வைத்தார். 1984-ல் செனட்டில் 56 பேர் ஆதரவு, 44 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது. அதன் பிறகு மாநிலங்கள் வழியாக வருகிறார்கள். 2024-ல் லூசியானா ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. 2025-ல் எங்கள் மாநிலமும் போட்டது. கூடவே, தினமும் ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் நேரம் ஒதுக்குவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் வாக்கெடுக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் மட்டும் கலந்துகொள்ளலாமாம். கையெழுத்து வராத பிள்ளை யார் என்பது அன்றைக்கே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடாதா?

பொது இடத்தில் ஜெபம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் எல்லோருடைய ஜெபத்தையும் நினைத்துப் பேசவில்லை. 2007 ஜூலையில் அமெரிக்க செனட்டில் முதல்முறையாக ஒரு இந்துப் பிரார்த்தனை நடந்தது. ராஜன் ஸெட் என்பவர் வாயைத் திறந்ததும் பார்வையாளர் மாடத்திலிருந்து இயேசுவின் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். மூன்று பேரைக் கைது செய்து வெளியேற்றிய பிறகுதான் அவரால் தொடர முடிந்தது. ஊரில் எங்கள் ஆராதனைக்குள் நுழைந்து யாராவது அப்படிச் சத்தம் போட்டால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்ட்டன் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி மேட்ச் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தார். பள்ளி நிறுத்தச் சொன்னது. 2022-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அவர் பக்கம் நின்றது. அரசு வேலை பார்ப்பதாலேயே ஒரு மனிதர் தன் விசுவாசத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது என்பதை நான் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நின்ற புகைப்படங்களை நீதிபதி சோட்டோமயோர் தன் மாறுபட்ட தீர்ப்பிலேயே சேர்த்தார். சேர்ந்து ஜெபிக்காவிட்டால் ஆட வாய்ப்புக் குறையுமோ என்று தன் பையன் பயந்ததாக ஒரு தகப்பனார் சொன்னதும் அந்த வழக்கில் உண்டு. யாரை ஆட இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறவர் முழங்கால் போடும்போது, 14 வயதுப் பையன் நிற்பானா?

சரி, வாலிபால் விஷயம். நான் கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நல்ல மனுஷி, பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், பிள்ளைகள் தாங்களாகக் கூடி ஜெபித்தால் எனக்குச் சந்தோஷம், ஆனால் நீங்கள் நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த மேட்சில் வட்டம் இல்லை. என் மகளும் இன்னும் மூன்று பேரும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஜெபித்துக்கொண்டார்களாம்.

விஷயம் எப்படியோ எங்கள் தமிழ் சபைக்குள் பரவிவிட்டது. ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு அக்கா, "ஜெபத்தை நிறுத்தச் சொல்லி எழுதினது நம்ம ஆளுன்னு சொல்றாங்களே, நீதானா?" என்று கேட்டார்கள். ஆமாக்கா, நான்தான் என்றேன். அவர்கள் முகம் மாறியது. அப்புறம் அந்த லேஸ் விஷயத்தைச் சொன்னேன். தட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு, "அந்தப் பிள்ளை பேர் என்ன?" என்றார்கள். எதற்கு என்றேன். இராத்திரி வீட்டு ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளத்தான் என்றார்கள்.