மாட்செக்யூரிட்டி போட்டும் தடுக்கலையே?

கேள்வி: எங்க ஏபிஐ உபுண்டுல அப்பாச்சி வழியா ஓடுது. வெப் தாக்குதலைத் தடுக்கிற ஃபயர்வால்னு டெர்மினல்லயே மாட்செக்யூரிட்டி இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா டேட்டாபேஸ் கட்டளையை இன்புட்ல திணிக்கிற எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் அனுப்பிப் பார்த்தா இன்னும் உள்ள போகுதே சார்?

பதில்: இன்ஸ்டால் பண்ணா மட்டும் போதாதுங்க. கூடவே வர்ற ரெக்கமண்டட் கான்ஃபிக் ஃபைலை மாட்செக்யூரிட்டி.கான்ஃப்னு காப்பி பண்ணணும், அதுல செக்ரூல்எஞ்சின்ங்கிற வரி டிடெக்‌ஷன்ஒன்லினு இருக்கும், அதாவது லாக்ல எழுதி வச்சுட்டு ஆளை உள்ள விட்டுடும், ரெண்டு நாள் அப்படியே ஓடவிட்டு ஆடிட் லாக்ல 942னு ஆரம்பிக்கிற ரூல் நம்பரெல்லாம் பாருங்க (அதெல்லாம் இந்த இன்ஜெக்‌ஷனைப் பிடிக்கிற ரூல்), உங்க நல்ல ரிக்வெஸ்ட் எதுவும் மாட்டலைன்னா அந்த வரியை ஆன் (On)னு மாத்தி அப்பாச்சிய ரீலோட் பண்ணுங்க. இது வாசல் காவல்தான், கோட்ல ஸ்ட்ரிங்கை ஒட்டி குவெரி எழுதியிருந்தா தயவுசெஞ்சு குவெரியையும் மதிப்பையும் தனித்தனியா அனுப்புற ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டுக்கு மாத்திடுங்க, அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. அப்புறம் கர்ல் கமாண்ட்ல யூனியன் செலக்ட்னு ஒரு சோதனை இன்ஜெக்‌ஷன் அனுப்புங்க, 403, அதாவது அனுமதி இல்லைன்னு வரணும்.