படை வரலாறும் பாப்பாப் பாட்டும் ஒரே அலமாரியில் இருக்கலாமா?

கேள்வி: என்னிடம் போர் வரலாறு, பயண நூல், சிறுவர் கதை எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரு துறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடலாமா?

கழிக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படிக் கழித்தார்கள். போனதை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், எங்கள் பங்குக்கு வந்த அறையில் ஒரு பர்மாத் தேக்கு அலமாரி உண்டு. ஐயா (அப்பாவின் அப்பா) வாங்கியது, அப்பச்சி (அப்பா) வாங்கியது, நான் வாங்கியது என்று புத்தகங்கள் வந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கும். துறை பார்த்து யாரும் பிரித்ததில்லை. அந்த அலமாரியில் படித்து வளர்ந்ததால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்கிறேன்.

படை வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் இரண்டு தொகுதிகளாகத் தம் போர் நினைவுகளை வெளியிட்டார். எங்களிடம் இருப்பது நான் கல்லூரி நாளில் நகலெடுத்துப் பைண்டு செய்த பிரதி. 1801-இல் சிவகங்கையின் மருது சகோதரர்களை எதிர்த்த போரில் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, ஒரு மாத காலம் முட்டி மோதி, கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டுப் படை திரும்பிய கதை அதில் விரிவாக இருக்கிறது. சிறுவயல் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே எங்களுக்குக் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. தினமும் பஸ்ஸில் கடக்கிற பொட்டல் ஒருகாலத்தில் படையே நுழைய முடியாத காடாக இருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது வேறொரு பக்கம். போருக்குச் சில ஆண்டுகள் முன்பு வெல்ஷ் இளைஞராகச் சின்ன மருதுவைச் சந்திக்கிறார். ஈட்டி எறியவும் வளரி என்ற வளைதடியை வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று எழுதுகிறார். நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிவைப்பாராம். அவற்றில் ஒன்று பம்பளிமாசு, தடித்த தோலுள்ள பெரிய ஆரஞ்சு போன்ற பழம். அதே மனிதரைப் பின்னாளில் காட்டு விலங்கைப் போல விரட்ட நேர்ந்ததையும், தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்தவரைக் கண்டதையும், பிறகு தூக்கில் கண்டதையும் அடுத்தடுத்துச் சொல்கிறார். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. பம்பளிமாசு கொடுத்த கை என்று நினைக்கும்போதுதான் அந்தத் தேதி நெஞ்சில் இறங்குகிறது. ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கதைக்குள் போக எனக்குக் கற்றுக்கொடுத்தவை சிறு வயதில் படித்த பாட்டும் கதையும்தான். அவை இல்லாமல் வெல்ஷைப் படித்திருந்தால் படை எண்ணிக்கைகளோடு நின்றிருப்பேன்.

அடுத்தது ஐயாவின் காலம். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். பர்மாவில் பிரோம் ஊரில் ஒரு கடையில் அடுத்தாள், அதாவது உதவியாளர். ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது 1942 மார்ச் 8. அதற்குச் சற்று முன்பே ஐயா கிளம்பிவிட்டார். அரக்கான் மலையைக் கால்நடையாகக் கடந்து, கடற்கரைக்கு வந்து, படகிலும் கப்பலிலுமாகச் சிட்டகாங் போய்ச் சேர்ந்தார். அதைப்பற்றி வீட்டில் அவர் பேசியது தண்ணீரைப் பற்றி மட்டுமே. தாகத்தைத் தவிர வேறெதையும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் போன பிறகு, பர்மாவில் பிரிட்டிஷ் படையை நடத்திய வில்லியம் ஸ்லிம் 1956-இல் எழுதிய நினைவு நூலை வாங்கினேன். பின்வாங்கும் படை, வழியெங்கும் இந்திய அகதிகள். ஐயா சொல்லாமல் விட்டதில் ஒரு பகுதியை ஒரு தளபதியின் புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். இன்னொரு பகுதியைக் கொடுத்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). சிங்கம்புணரிக்காரர், இந்தோனேசியாவின் மேடான் நகரில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். ஜப்பானியப் படை அந்த நகருக்குள் நுழைவதிலிருந்து நாவல் தொடங்குகிறது. போரைத் தமிழில் படிக்க விரும்புகிறவருக்கு முதலில் நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

இப்போது அலமாரியின் கீழ்த்தட்டுக்கு, சிறுவர் புத்தகங்களுக்கு வாருங்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்தது ராயவரம். மலிவுப் பதிப்பில் பாரதியாரை வீடுதோறும் சேர்த்த சக்தி வை. கோவிந்தனும் அதே ராயவரம்தான். வள்ளியப்பா இளைஞராகச் சென்னைக்குப் போய் முதலில் வேலை பார்த்தது கோவிந்தனின் 'சக்தி' இதழ் அலுவலகத்தில். பிறகு இந்தியன் வங்கி. இவை நடந்தது 1940-களின் தொடக்கத்தில். அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளின் அப்பச்சிமார் பர்மாவிலும் மலேயாவிலும் கடிதப் போக்குவரத்து அற்றுச் சிக்கியிருந்தார்கள். 1942-இல் என் அப்பச்சிக்கு ஆறு வயது. ஐயா திரும்பும் வரை அப்பத்தா முகப்புத் திண்ணையை விட்டு நகரவில்லை என்று சொல்வார். அப்படி வளர்ந்த பிள்ளைகளின் கையில்தான் சிறுவர் பாட்டும் சிறுவர் இதழும் வந்து சேர்ந்தன. ஸ்லிம் எழுதிய போரும் வள்ளியப்பா எழுதிய பாட்டும் எங்கள் வீட்டில் ஒரே பொழுதின் இரண்டு முனைகள். இவற்றில் எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது?

கழித்தார்கள். நான் வெளியூரில் வேலையில் இருந்தபோது, வீட்டுக்கு வெள்ளையடிக்கையில், பெரிய புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு 'பிள்ளைப் புத்தகம்' என்று மூன்று கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் உறவினர் ஒருவர் நிறுத்துப் போட்டுவிட்டார். 'அணில்' என்ற சிறுவர் இதழ்கள் அதில் போயின. அப்பச்சி பென்சிலால் பெயர் எழுதியிருந்த, வள்ளியப்பாவின் பாட்டுப் புத்தகமான 'மலரும் உள்ளம்' முதல் பதிப்பும் போயிற்று. ஸ்லிமை நாளைக்கே ஒரு கடையில் வாங்கிவிடலாம். அப்பச்சியின் பென்சில் எழுத்தை எங்கே வாங்குவது?

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நாடக நோட்டீஸ், மருத்துவச் சுவடி, சினிமாப் பாட்டுப் புத்தகம், இதழ் என்று எதையும் தள்ளாமல் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தார். அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அவரும் துறை பார்த்துக் கழித்திருந்தால் அந்த நூலகமே இல்லை.

இடம்தான் சிக்கல் என்றால், இரட்டைப் பிரதிகளைக் கொடுங்கள். மற்றவற்றுக்கு நிழலில் உலர்த்திய வேப்பிலையும் வசம்பும் போட்டு, ராமபாணப் பூச்சி வராமல் ஆண்டுக்கு இருமுறை தட்டி வையுங்கள்.

செட்டிநாட்டு வீடு எதையாவது ஒழித்துக்கட்டும்போது பழைய 'அணில்' இதழ் உங்கள் கண்ணில் பட்டால், எடைக்குப் போடுமுன் இங்கே ஒரு வரி எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.