கிட்டார் கலைஞர் மைக்கேல் ஹெட்ஜஸின் 'ஏரியல் பௌண்டரீஸ்' ட்யூனிங் வைத்தால் கிட்டாரின் ஆறாவது (மிகத் தடித்த) தந்தி கடகடக்கிறது, வாசிப்பும் இரைச்சலாகிறது. என்ன செய்யலாம்?

கடகடப்புக்குக் காரணம் தந்தியின் கேஜ், அதாவது தடிமன். 1984-இல் விண்டம் ஹில் இசை நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பத்தின் தலைப்பு இசைக்கு ட்யூனிங், ஆறாவது தந்தியிலிருந்து சி-சி-டி-ஜி-ஏ-டி. வழக்கமான இ-ஏ-டி-ஜி-பி-இ-யிலிருந்து பார்த்தால் ஆறாவது நாலு செமிடோன் (அரைச் சுரம்) இறங்கும், ஐந்தாவது மூன்று ஏறும். நாலும் மூன்றும் அப்படியே. இரண்டும் ஒன்றும் இரண்டிரண்டு செமிடோன் இறங்கும்.

இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறும். ஆறாவதில் பழைய இழுவிசையில் 63 சதவீதம்தான் மிஞ்சுகிறது. தளர்ந்த தந்தி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) மோதாமல் என்ன செய்யும்? ஐந்தாவதில் 41 சதவீதம் கூடுகிறது, அது அறுந்துபோகலாம். 12-53 செட் (எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் தடிமன்) போட்டிருந்தால் ஆறாவதில் 53-க்குப் பதில் 60, ஐந்தாவதில் 42-க்குப் பதில் 36 மாற்றுங்கள். 60 நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் உட்காராவிட்டால் பக்கவாட்டில் மட்டும் ராவ வேண்டும். ஆழமாக்கினால் கடகடப்பு திரும்ப வந்துவிடும். அந்த 60-ஐ மறந்துபோய் இ வரை ஏற்றாதீர்கள், பாலத்துக்கு (உடலில் தந்தி கட்டும் பிரிட்ஜுக்கு) சுமை.

இரைச்சல் வேறு விஷயம். இந்த இசை ஓவர்டப் (மேல் பதிவு) இல்லாமல் ஒரே கிட்டாரில் வாசித்தது. இடது கை ஹேமர்-ஆன் (விரலால் தந்தியை அடித்து ஒலிக்கவைப்பது), புல்-ஆஃப் (விரலை இழுத்தெடுத்து ஒலிக்கவைப்பது) மட்டும் வைத்து ஓட்டத்தைத் தாங்கும். வலது கையும் ஃப்ரெட்போர்டுக்கு வந்து தட்டும். ஆகவே முதலில் வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையை மட்டும் மெட்ரோனோமில் 60-இல் ஓட்டுங்கள். சத்தம் சீராக வந்த பிறகு மற்றதைச் சேருங்கள். ஹார்மோனிக்ஸ் (மணிபோன்ற மேல்சுரம்) தட்டும்போது விரல் பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே பட்டு உடனே எகிற வேண்டும். ஒட்டிக்கொண்டால் 'டப்' என்ற சத்தம்தான் மிஞ்சும்.

தட்டுவதை எல்லோரும் காப்பியடிக்கிறார்கள், நிறுத்துவதை யாரும் கவனிப்பதில்லை. ஹெட்ஜஸ் பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் இசையமைப்புப் படித்தவர். ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் அவருக்குக் கணக்கு. திறந்த ட்யூனிங்கில் பழைய பாஸ் சுரம் தானாக நிற்காது. அடுத்த பாஸ் விழும் அதே நொடியில் முந்தைய தந்தியைக் கட்டைவிரல் ஓரத்தால் தொட்டு அடக்குங்கள். இரண்டு பார் மட்டும் எடுத்து, அடக்கலையும் சேர்த்தே பழகுங்கள். வேகம் வந்தபின் ஒட்டவைக்க முடியாது.

மற்ற டிராக்குகளுக்கு இதே ட்யூனிங்கில் தேடாதீர்கள், அவர் இசைக்கு இசை மாற்றுவார். அதே ஆல்பத்தின் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்' நீல் யங்கின் பாட்டு, மைக்கேல் மான்ரிங்கின் ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத) பாஸ் கிட்டார் இல்லாமல் பாதிதான் வரும். 'ஸ்பேர் சேஞ்ச்' ஸ்டூடியோவில் டேப்பை வைத்துச் செய்த வேலை, அதைக் கையால் அப்படியே வாசிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.