வங்கி அப்ரன்டிஸ்: உள்ளே என்னதான் வேலை? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சிக்கு ஆர்டர் வந்திருக்கிறது, பக்கத்து ஊர்க் கிளை. உள்ளே போய்விட்டால் அப்படியே பெர்மனென்ட் ஆகிவிடுமா சார்? என்ன வேலை கொடுப்பார்கள்? (மானாமதுரை வாசகர்)

பதில்: ஆகாது தம்பி. அதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டு சேருங்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சியில் இருப்பவர், ஊழியர் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கும் இல்லை. கிளையில் யாராவது 'இருப்பா, பார்த்துக்கலாம்' என்று சொன்னால், அவருக்கு நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். யாரையும் நிரந்தரமாக்கும் அதிகாரம் கிளை மேலாளர் கையில் இல்லை.

வேலை என்னவென்றால், ஆரம்பத்தில் உங்களைக் கவுன்ட்டருக்கு வெளியேதான் நிறுத்துவார்கள். பாஸ்புக் பதியும் மெஷின் பக்கத்தில் நிற்பது, சலான் எழுதித் தருவது, பெரியவர்களின் போனில் வங்கி ஆப் போட்டுத் தருவது, இதெல்லாம். மாதத்தின் நடுவில், 15-ஆம் தேதியை ஒட்டி, உரிமைத் தொகை ஏறிவிட்டதா என்று கேட்டுப் பெண்கள் வருவார்கள். நவம்பர் வந்தால் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க ஓய்வூதியர்கள் வருவார்கள், அதில் சிலருக்கு கைரேகை மெஷினில் விழாது, அரை மணி நேரம் போராட வேண்டும். இதையெல்லாம் எடுபிடி வேலை என்று முகம் சுளிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களின் கஷ்டம் என்ன என்பது தெரியாமலே முப்பது வருடம் வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

கொஞ்சம் பழகியதும் கணக்குத் தொடங்கும் படிவங்கள் உங்கள் மேசைக்கு வரும். ஆதாரில் ஒரு இனிஷியல், பான் கார்டில் வேறு இனிஷியல் என்று பத்தில் நாலு படிவம் அப்படித்தான் இருக்கும். பான் இல்லாதவர்களிடம் அதற்குப் பதிலான உறுதிமொழிப் படிவம் வாங்கினோமா, நாமினி பெயர் எழுதியிருக்கிறதா, கையெழுத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிடும். ஆடிட்டர் வந்தால் முதலில் புரட்டுவது இந்தக் கட்டைத்தான்.

என்னைக் கேட்டால், நம் ஊர்க் கிளைகளில் நகைக்கடன் மேசைதான் நல்ல பள்ளிக்கூடம், எப்படியாவது கேட்டு அங்கே உட்காருங்கள். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசுவார், அமிலம் விட்டுப் பார்ப்பார், அப்புறம் தராசு. மொத்த எடை ஒன்று, கல், அரக்கு, அழுக்கு எல்லாம் கழித்த நிகர எடை ஒன்று, கடன் இரண்டாவதற்குத்தான். தோடும் தொங்கலும் நிறைய கல் வைத்தது என்றால் அம்மாக்களுக்குக் கோபம் வந்துவிடும், 'கடையில இத்தனை கிராம்னு சொன்னாங்களே' என்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் ஒரு வேலைதான். பிறகு நகை பையில் போட்டு, சீட்டு கட்டி, பெட்டகத்துக்குப் போகும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. வங்கி என்றால் என்ன என்பதை அந்த இரண்டு சாவியைப் பார்த்தே பாதி புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: என் மகள் அப்ரன்டிஸாகப் போகிறாள். மாதம் 12,000 என்றார்கள், ஆனால் வங்கியிலிருந்து 7,500 தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா? (திருக்கோவிலூர் வாசகி)

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். இந்தியன் வங்கியின் அறிவிப்பையே எடுத்துக்கொண்டால், நகரக் கிளைக்கு 15,000, கிராமம் மற்றும் சிறுநகரக் கிளைக்கு 12,000. அதற்குள்ளேயே அரசின் பங்கு 4,500 அடக்கம். அந்த 4,500 வங்கி வழியாக வராது, அரசிடமிருந்து நேராக மகளின் கணக்குக்கு வரும். ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும், கல்லூரியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் மத்திய அரசின் அப்ரன்டிஸ் தளத்தில் அவள் பதிவும் ஒப்பந்தமும் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிளையில் கேட்கச் சொல்லுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இதில் கிடையாது, அதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

தொகை குறைவுதான், மறுக்கவில்லை. கிளார்க் பார்க்க வேண்டிய வேலையை அப்ரன்டிஸை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்ற குறை நியாயமானது என்றுதான் நானும் சொல்வேன்.

கேள்வி: எங்கள் கிளையில் ஒரு ஆபீசர் தன் யூசர் ஐடி, பாஸ்வேர்டைக் கொடுத்து என்ட்ரி போடச் சொல்கிறார். ஆள் பற்றாக்குறை, பாவம். செய்யலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: வேண்டவே வேண்டாம். வங்கியில் ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார், மேக்கர், செக்கர் என்பார்கள். அவர் ஐடியில் நீங்கள் உட்கார்ந்தால் அந்தக் காவல் அப்போதே போச்சு. நாளைக்கு ஒரு பணம் தப்பான கணக்குக்குப் போனால் கம்ப்யூட்டரில் இருப்பது அவர் பெயர், கேமராவில் இருப்பது உங்கள் முகம். 'சார், நீங்க பக்கத்துல இருந்து போடுங்க, நான் வவுச்சரைப் படிச்சுச் சொல்றேன்' என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மனுஷர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் விபத்துக் காப்பீடு இரண்டும் நல்ல திட்டங்கள்தான், ஆனால் டார்கெட் முடிக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்காமல் படிவத்தில் டிக் போடச் சொன்னால் போடாதீர்கள்.

கேள்வி: அப்ரன்டிஸ் முடித்தால் பேங்க் எக்ஸாமில் சலுகை உண்டா? (ஆரணி வாசகர்)

பதில்: ஸ்டேட் வங்கியில் உண்டு. அங்கே பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஜூனியர் அசோசியேட் (அதாவது கிளார்க்) தேர்வில் 2.5 சதவீதம் போனஸ் மதிப்பெண், அதாவது 200-க்கு 5. அரை மார்க்கில் வேலை தவறிப்போகிற தேர்வில் இது சும்மா இல்லை. ஆனால் ஒரு முறை அப்ரன்டிஸ் பயிற்சி எடுத்தவர் மறுபடி இன்னொரு வங்கியில் அப்ரன்டிஸாக முடியாது, எந்த வங்கி என்று யோசித்துச் சேருங்கள். சேர்ந்த பிறகும் இரவு ஒரு மணி நேரமாவது தேர்வுக்குப் படியுங்கள். 'வேலைக்குத்தான் போகிறோமே' என்ற நினைப்பிலேயே அந்த வருடம் ஓடிவிடும்.

கேள்வி: கர்நாடகாவில் இடம் நிறைய இருக்கிறதே, அங்கே விண்ணப்பிக்கலாமா? (ஓசூர் வாசகி)

பதில்: கன்னடம் படிக்க, எழுத, பேச வருமா? வந்தால் போடுங்கள். உள்ளூர் மொழித் தேர்வு உண்டு, அதில் தவறினால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்தும் பலனில்லை. ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்கவும் முடியும். தமிழ்நாட்டுக்குப் போட்டால், பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ தமிழ் ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை. மதிப்பெண் சான்றிதழை மட்டும் தேடி எடுத்து வையுங்கள்.